ஓதின தண்ணீரின் எடை

கட்டுமாவடி ஏலக்கூடத்தில் தராசு சுல்தானை ஏமாற்றியவர் ஒருவரும் இல்லை என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் ஏமாற்றிப் பார்த்து மாட்டிக்கொண்டவர்கள், அதனால் நம்பலாம். முகம்மது சுல்தான் என்கிற முழுப்பெயர் ரேஷன் கார்டில்தான் இருந்தது. முப்பத்தொரு வருடமாக அந்தக் கரையில் மீனுக்கு எடை போடுகிறவர். முதலில் தொங்கு தராசு, இப்போது நம்பர் ஓடும் தராசு. தராசு மாறியதே தவிர ஆள் மாறவில்லை.

விடிகிற நேரத்துக்குப் படகுகள் கரை சேரும். நண்டு, இறால், கணவாய், காரல், முரல் என்று கூடை கூடையாக இறங்கும். மீன் விற்கிறவனுக்குத் தண்ணீரை விடப் பெரிய கூட்டாளி கிடையாது. இறாலைக் கொஞ்ச நேரம் ஊறப்போட்டால் கனக்கும். கூடைக்கு அடியில் ஐஸ் தூளைக் கொட்டி மேலே நண்டை அடுக்கினால் அதுவும் கனக்கும். சுல்தான் கூடைக்குள் கையை விட்டு ஒரு அளை அளைவார். இறாலைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். "மூணு கிலோ தண்ணி, கழிச்சுக்க" என்பார். தண்ணிக் கழிவு என்று அதற்குப் பெயர். ஒரு தடவை சந்தேகப்பட்ட ஒருவர் கூடையை வடிய வைத்து மறுபடியும் தூக்கிப் பார்த்தார். இரண்டு கிலோ தொள்ளாயிரம் வடிந்திருந்தது. அந்த நூறு கிராம் பிசகுக்காக சுல்தான் அன்று முழுவதும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த சுல்தானைத்தான் இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு எடை போட்டார்கள். புதுக்கோட்டையில், இருதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில், நான்காம் கட்டிலில் இருந்து இறக்கி, நாற்காலி போல இருந்த ஒரு மிஷினில் உட்காரவைத்து.

ஐப்பசி பிறந்து மழை பிடித்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, நண்டுக் கூடையைத் தராசில் தூக்கி வைக்கும்போது அவருக்கு இடது தோள் இழுத்தது. கூடையின் கனம் என்று நினைத்தார். நெஞ்சு அடைத்தது. வாயு என்று நினைத்து ஒரு சோடாவைக் குடித்து ஏப்பம் விட்டுப் பார்த்தார். இன்னும் மூன்று படகு பாக்கி இருந்தது. அதையும் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். மழை இல்லாத நேரத்தில் மச்சானின் சட்டை இப்படி நனைந்திருக்கிறதே என்று பார்த்து, மைத்துனன் முகமது அஸ்வர்தான் ஆட்டோவைக் கூப்பிட்டான். அறந்தாங்கியில் ஈசிஜி எடுத்து, 108-இல் புதுக்கோட்டைக்கு அனுப்பி, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து முடிக்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. மூன்று படகுக்கு எடை போட்ட நேரத்தில் இருதயத்தின் பெரும்பகுதி தன் வேலையை நிறுத்திவிட்டிருந்தது.

"அடைப்ப எடுத்தாச்சும்மா. ஆனா லேட்டா வந்துட்டீங்க" என்று டாக்டர் செம்மல், சுல்தானின் மனைவி ரம்லத் பீவியிடம் சொன்னார். சின்ன வயது டாக்டர். நின்றுகொண்டே பேசினாலும் அவசரமில்லாமல் பேசுகிறவர். "ஹார்ட்டுல கால்வாசித் தெம்புதான் மிச்சம். ரத்தத்த முழுசாத் தள்ள முடியல. தண்ணி நுரையீரல்ல தேங்குது. அதான் படுத்தா மூச்சு முட்டுது."

"என்ன சார் செய்யணும்?"

"நாங்க ஊசி போட்டுத் தண்ணிய ஒண்ணுக்கு வழியா எறக்குறோம். நீங்க உள்ள போகாமப் பாத்துக்கங்க. ஒரு நாளைக்கு ஒரு லிட்டருதான். தண்ணி, டீ, கஞ்சி, மாத்திரைக்குக் குடிக்கிறது எல்லாஞ் சேத்து. உப்பு ஆகவே ஆகாது."

"உப்பில்லாம எப்படிங்க சார் எறங்கும்? கடக்கரைக்காரவுக."

"கடலே உள்ள வந்துருச்சும்மா. அதத்தான் எறைச்சுக்கிட்டு இருக்கோம்."

நர்ஸ் பொற்கொடி ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டியது. டீ ஒரு டம்ளர் கொடுத்தால் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட வேண்டியது. கஞ்சி கொடுத்தால் கஞ்சிக்கும் அப்படியே. பாட்டில் காலியானால் அன்றைய பொழுது முடிந்தது. எடை போடுகிறவர் பெண்டாட்டிக்கு இது ஒரு தடவை சொன்னால் போதும். மூன்று வேளையும் உள்ளே கூப்பிடும்போது நீல மூடி பாட்டிலும் கையுமாகப் போவாள், கொடுத்ததைச் சொல்வாள், பொற்கொடி கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் தாளில் எழுதிக்கொள்வாள்.

ஊசி வேலை செய்தது. வந்தபோது எழுபத்து நாலு கிலோ இருந்த சுல்தான் ஆறு நாளில் எழுபது கிலோ அறுநூறுக்கு இறங்கினார். முகத்தில் இறுக்கியிருந்த மாஸ்க்கைக் கழற்றிவிட்டு மூக்கில் மெல்லிய குழாய் மட்டும் வைத்தார்கள். இன்னும் மூன்று நான்கு நாள் இப்படியே போனால் வார்டுக்கு மாற்றலாம் என்றார் செம்மல்.

ஆனால் தாகம். மனிதனுக்கு வலி குறைந்ததும் தாகம் வந்து உட்கார்ந்துகொண்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. உதடு வெடித்தது. ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டே இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். "ஒரு வா தண்ணி குடு ரம்லா" என்பார். பாட்டிலைத் தூக்கிக் காட்டுவாள். "இன்னும் பொழுது சாஞ்சு மக்ரிபு வரைக்கும் இது இருக்கணுங்க" என்பாள். தாகம் என்று கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கம் இல்லை. சொல்லிவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

வெளித் தாழ்வாரத்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பொன்னுத்தாய். கறம்பக்குடிப் பக்கம். கடலைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் புருஷன் ரத்தினவேல் அப்படியே சரிந்துவிட்டார். இருதயத் துடிப்பு நின்று நின்று அடிக்கிறது என்று மூன்றாம் கட்டிலில் போட்டிருந்தார்கள். தீவிர சிகிச்சை என்றால் உள்ளே மட்டும் இல்லை, வெளியிலும்தான். கதவு திறக்கிற சத்தம் கேட்டால் பெஞ்சில் இருக்கிற அத்தனை பேருக்கும் நெஞ்சு ஒருமுறை நின்று ஓடும். முதல் கட்டில்காரர் புதன்கிழமை காலை போய்ச் சேர்ந்தபோது அவர் மகள் கத்திய கத்தலில் ரம்லத்தும் பொன்னுத்தாயும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் அந்நியம் இல்லை.

பார்வையாளர்கள் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு, நாலிலிருந்து ஐந்து. ஒரு நோயாளிக்கு ஒரு மஞ்சள் அட்டை. ஒருவர் வெளியே வந்து அட்டையைக் கொடுத்தால்தான் அடுத்தவர் உள்ளே போகலாம். முதல் வாரம் அஸ்வர் மட்டும்தான் வந்துபோனான். மகள் பாசிலா மீமிசலில் பச்சைப்பிள்ளைக்காரி, மகன் அசாருதீன் குவைத்தில். இரண்டாம் வாரத்துத் திங்கட்கிழமை அஸ்வர் வரும்போது சின்னதாக ஒரு பாட்டில் கொண்டுவந்தான். ஊரில் யாரோ மக்காவுக்கு உம்ரா போய்த் திரும்பியிருந்தார்கள்.

"ஸம்ஸம் தண்ணிக்கா. பள்ளி ஹஜரத்து, யாசீன் சூரா ஓதி ஊதிக் குடுத்தாக."

ரம்லத் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். அவன் உள்ளே கொண்டுபோனபோது பொற்கொடியும் பார்த்தாள். "என்னண்ணே அது?"

"பள்ளியில ஓதுன தண்ணி சிஸ்டர். தீர்த்தம் மாதிரி."

"ஒரு சொட்டு நாக்குல வைங்க" என்று அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஊரில் ஒரு சேதி பரவியது. வெள்ளிக்கிழமை தவிரப் பள்ளிவாசல் பக்கம் தலைவைத்துப் படுக்காத தராசு சுல்தான் இப்போது ஓதின தண்ணீர் ஒன்றுதான் தெம்பாக இருக்கிறது என்கிறாராம். மாறிவிட்டாராம். ஜமாஅத் வாட்ஸ்அப்பில் யாரோ போட்டுவிட்டார்கள். மறுநாள் கட்டுமாவடியிலிருந்து பஸ் ஏறிப் பதினொரு மணிக்கு நாலு பேர், நாலு மணிக்கு ஐந்து பேர், அதற்கு மறுநாள் ஏழு பேர். ஒவ்வொருவர் கையிலும் இருமல் மருந்து பாட்டிலோ பன்னீர் பாட்டிலோ, நன்றாகக் கழுவி, ஓதின தண்ணீர் நிரப்பியது. சுல்தானின் தராசுக்கு ஆயுசு முழுக்கப் பயந்தவர்களும் வந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், ஸலாம் சொன்னார்கள், கொடுத்தார்கள், கண் கலங்கி வெளியே வந்தார்கள். ரம்லத்துக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை பேர் துஆ செய்கிற மனிதனை அல்லாஹ் விட்டுவிட மாட்டான் என்று பொன்னுத்தாயிடம் சொன்னாள். காலி பாட்டில்களைக் குப்பையில் போட மனமில்லாமல் பெஞ்சுக்கு அடியில் ஒரு கட்டைப்பையில் சேர்த்துவைத்தாள்.

புதன்கிழமை எடை எழுபத்தொன்று ஐந்நூறு. வியாழக்கிழமை எழுபத்திரண்டு நானூறு.

வியாழன் காலை ஏழு மணிக்குக் கதவு திறந்து ரம்லத்தைக் கூப்பிட்டார்கள். சுல்தானின் முகத்தில் மறுபடியும் மாஸ்க். உட்காரவைத்திருந்தார்கள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் கழுத்து நரம்பு புடைத்தது. மிஷின் கத்திக்கொண்டே இருந்தது. அவர் அவளைப் பார்த்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் செம்மல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ரெண்டு நாள்ல ஒரு கிலோ எண்ணூறு ஏறியிருக்காரு. ஊசி அதே ஊசி. ஒண்ணுக்கும் போயிருக்கு. நீங்க எழுதச் சொன்ன லிட்டருக்கு இது ஏறவே கூடாது. வேற ஏதும் குடுத்தீங்களாம்மா?"

"இல்ல சார்."

"எளநி? மோரு? பழம் புழிஞ்சு?"

"அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றேன் சார். அந்தப் பாட்டிலத் தாண்டி ஒரு மொடக்கு நான் குடுக்கல."

"அப்போ ஹார்ட்டுதான் இன்னும் மோசமாகுதுன்னு வச்சுக்கணும். வேற மருந்து ஆரம்பிக்கணும். அது தாங்குற ஒடம்பான்னு தெரியல. இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் பாப்போம்" என்றார்.

ரம்லத் பொய் சொல்லவில்லை. ஓதின தண்ணீரை யார் தண்ணீர் என்று கணக்கில் சேர்ப்பார்கள்? அது மருந்து, அது துஆ. ஒரு லிட்டர் பாட்டிலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று அவளுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. அவளுக்கு மட்டும் இல்லை, பஸ் ஏறி வந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெளியே வந்து பெஞ்சில் விழுந்தாள். பொன்னுத்தாய் டீ வாங்கிவந்து கையில் திணித்தாள்.

"என்னாக்கா சொன்னாரு டாக்டரு?"

"தண்ணி ஏறிப்போச்சாம். எங்கிட்டிருந்து ஏறுச்சுன்னு அவுகளுக்கே தெரியல. ஹார்ட்டு போயிருச்சுங்குறாக பொன்னுத்தாயி. நான் என்னத்தக் கண்டேன்? ஒரு டம்ளரு கூடக் குடுக்கல. தொண்ட காஞ்சு கேப்பாக, நான் கல்லு மாதிரி இருந்தேன்."

சொல்லலாமா வேண்டாமா என்று பொன்னுத்தாய் யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"அக்கா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டியளே."

"சொல்லு."

"எங்க வீட்டுக்காரருக்கு நானும்தான் கொலசாமி திருநூறு கொண்டாந்தேன். பூசிவிட்டேன். அது நெத்தியோட நின்னுபோச்சு. ஒங்க சாமி தண்ணியா வருது. அது உள்ளயில்ல போகுது?"

ரம்லத் அவளை முறைத்தாள். பிறகு டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சுக்கு அடியில் குனிந்து கட்டைப்பையை இழுத்தாள்.

தாழ்வாரத்துக் கோடியில் கை கழுவுகிற குழாய் இருந்தது. காலி பாட்டில்களை வரிசையாக வைத்தாள். பதினேழு. சின்னதும் பெரியதுமாக. ஒவ்வொன்றையும் குழாயில் நிரப்பி, நீல மூடி லிட்டர் பாட்டிலில் ஊற்றினாள். கோடு வந்ததும் பிளாஸ்டிக் வாளியில் கொட்டிவிட்டு மறுபடியும் ஊற்றினாள். இரண்டு தடவை சிந்தியது. அப்போது பொன்னுத்தாய் வந்து பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள். முதல் லிட்டர் பத்தாவது பாட்டிலில் நிரம்பியது. மீதி ஏழும் சேர்ந்து எழுநூறு கோட்டில் நின்றது.

"ஒண்ணு எழுநூறு" என்றாள் ரம்லத். "ஏறுனது ஒண்ணு எண்ணூறு. நூறு கிராம்தான் பிசகுது."

முப்பத்தொரு வருடம் ஒருவரோடு குடித்தனம் செய்தால் வாயில் வருவதும் அவர் பேச்சாகத்தான் வரும். அந்த நூறு கிராமைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது.

அழுது முடித்து, முகம் கழுவி, கதவைத் தட்டினாள். பொற்கொடி எட்டிப் பார்த்தாள்.

"சிஸ்டரு, நான் சத்தியம் பண்ணது தப்பு. ஓதுன தண்ணி குடுத்திருக்கு. ஒண்ணே முக்கா லிட்டரு. அளந்துட்டேன்."

பொற்கொடிக்கு முதலில் புரியவில்லை. கட்டைப்பையைத் திறந்து காட்டியதும் புரிந்தது. அவள் திட்டவில்லை. "நானும் பாத்தேம்மா. ஒரு சொட்டு வைக்கிறாங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். பத்து நிமிடத்தில் செம்மலே வெளியே வந்தார். அவர் முகம் காலையை விட லேசாக இருந்தது.

"நல்ல வேள சொன்னீங்க. நான் ஹார்ட்டு போச்சுன்னு வேற மருந்துக்குக் கை வச்சிருப்பேன். இது தண்ணி. தண்ணின்னா எறக்கிரலாம். ஆனா இனிமே ஒரு பாட்டிலும் உள்ள போகக் கூடாதும்மா. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா அந்த ஹார்ட்டு தாங்காது. புரியுதா?"

ரம்லத் அஸ்வருக்குப் போன் செய்தாள். ஏலக்கூடத்து இரைச்சலுக்கு நடுவில் அவன் கத்தினான்.

"டே அஸ்வரு, இனிமே யாரையும் தண்ணி கொண்டார வேணாம்னு சொல்லு. மச்சானுக்கு அதுலதான்டா மூச்சு முட்டிப்போச்சு."

"என்னக்கா சொல்றே? மச்சான்தானே கேட்டாக."

"எப்பக் கேட்டாக?"

"மொத நாளே. நான் குடுத்த பாட்டில ஒரே மூச்சுல குடிச்சுட்டு, ஊருல எல்லார்ட்டயும் சொல்லுடா, ஆளுக்கொரு பாட்டிலு கொண்டாரட்டும், எனக்கு அதுதான் தெம்புன்னாக. கண்ணுல தண்ணி வந்துருச்சுக்கா எனக்கு. மச்சான் மாறிட்டாகன்னு நான்தான் வாட்ஸ்அப்புல போட்டேன்."

ரம்லத் போனை அணைத்து மடியில் வைத்தாள்.

நாலு மணிக்கு மஞ்சள் அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஊசியில் தண்ணீர் இறங்க ஆரம்பித்திருந்தது. கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பை முக்கால்வாசி நிறைந்திருந்தது. மாஸ்க்கைக் கழற்றி மூக்குக்குழாய் வைத்திருந்தார்கள். அவர் கண் மூடியிருந்தார், தூங்கவில்லை. ரம்லத் கால்மாட்டில் நின்று போர்வையை விலக்கினாள். கணுக்கால் எலும்பு தெரியாமல் வீங்கியிருந்தது. கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது.

"இதுக்கு எவ்வளவு கழிப்பீக?"

சுல்தான் கண்ணைத் திறந்து காலைப் பார்த்தார். குழி மெதுவாக, மிக மெதுவாக மேலே வந்தது.

"தெரிஞ்சுபோச்சா?"

"பதினேழு பாட்டிலு. அளந்துட்டேன்."

"தொண்ட காயுது ரம்லா."

"தெரியும்ங்க."

"ஒனக்குத் தெரியாது." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். "நானும் நோன்பு புடிச்சவன்தான். வெயில்ல நின்னு, ஐஸக் கையில அள்ளிக்கிட்டு, ஒரு சொட்டு நாக்குல படாம எட போட்டவன்தான். அதுக்கு மக்ரிபுல பாங்கு சொல்லுவாக. நோன்பத் தொறந்துரலாம். இதுக்கு எப்ப பாங்கு சொல்லுவாக? சொல்லு. எப்ப?"

கடிந்து பேச வேண்டும் என்று வாசலில் நின்று சேர்த்துவைத்த வார்த்தைகளை ரம்லத் விட்டுவிட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அல்லாட பேர வச்சு என்னய ஏமாத்திட்டீகளே" என்றாள். "அது கூடப் பரவால்ல. நீங்க போயிட்டா நான் என்னங்க செய்வேன்?"

அவர் அழுதார். கண்ணீரும் தண்ணீர்தான், அதைப் பொற்கொடி எழுதிக்கொள்ளவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அஸ்வர் வாட்ஸ்அப்பில் வேண்டாம் என்று போட்டிருந்தான்தான். ஆனால் ஜும்ஆ தொழுகை முடிந்து வேன் பிடித்துக் கிளம்பியவர்கள் யாரும் போனைப் பார்க்கவில்லை. நாலு மணிக்கு ஒன்பது பேர் தாழ்வாரத்தில் நின்றார்கள், ஒன்பது பாட்டில். முன்னால் நின்றவர் செய்த்தூன் பீவி. சுல்தானுக்கு மாமி முறை.

"தண்ணி உள்ள கொண்டுபோகக் கூடாது மாமி. டாக்டரு சொல்லிட்டாக."

"என்னாடி இது?" செய்த்தூன் பீவிக்கு முகம் சிவந்துவிட்டது. "நாப்பத்தொரு தடவ யாசீன் ஓதிக் கொண்டாந்திருக்கேன். நேத்து ராவுலருந்து கண்ணு மூடல. வேணாங்குறியா? இதத் தரையில ஊத்திட்டுப் போகவா?"

அதுதான் சிக்கல். ஓதின தண்ணீரைக் கால்படுகிற இடத்தில் கொட்ட முடியாது. திருப்பிக் கொண்டுபோகச் சொன்னால் மூஞ்சியில் அடித்ததுபோல ஆகும். உள்ளே விட்டால் புருஷன் போய்விடுவார். ரம்லத் ஒரு கணம் எல்லா முகத்தையும் பார்த்தாள்.

"வேணாங்கல மாமி. இங்கிட்டுக் குடுங்க" என்று வாங்கினாள். மூடியைத் திருகினாள். பிஸ்மில்லா சொல்லி, அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னாலும் அண்ணாந்து குடித்துத் தீர்த்தாள்.

"அவுக ஒடம்பும் என் ஒடம்பும் வேறயா மாமி? நான் குடிச்சா அவுகளுக்குச் சேராதா?"

செய்த்தூன் பீவி நாலு தரம் யோசித்தார். "சேரும்" என்றார், கொஞ்சம் மனத்தாங்கலாகத்தான்.

அடுத்த பாட்டில். அதற்கடுத்தது. ஒருவரையும் விடவில்லை. ஐந்தாவது குடிக்கும்போது மூச்சு வாங்கியது. பொன்னுத்தாய் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள்.

"ரெண்டு இங்கிட்டுக் குடுங்கக்கா. எங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் சேரட்டும்." வாங்கிக் குடித்தாள்.

ஒரே ஒரு பாட்டிலை மட்டும் ரம்லத் திறக்காமல் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். வந்தவர்கள் வெறும் கையோடு ஒவ்வொருவராக உள்ளே போய் ஸலாம் சொல்லிவிட்டு வந்தார்கள்.

ஐந்தே முக்காலுக்குக் கஞ்சி கொடுக்கக் கூப்பிட்டார்கள். சுல்தான் நிமிர்ந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அன்று காலை எடை எழுபத்தொன்று முந்நூறு.

"ஒம்பது பேரு வந்தாக. ஒருத்தர் கையிலயும் ஒண்ணும் இல்ல" என்றார். குரலில் கேள்வி இருந்தது.

"கொண்டாந்தாக. நான் குடிச்சுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஆறு. ரெண்டு பொன்னுத்தாயி. அப்பலேருந்து பாத்ரூமுக்கு நடந்தே காலு ஓஞ்சுபோச்சுங்க. ஒங்களுக்கு ஊசி போட்டாத்தான் போகுது, எனக்கு ஊசியில்லாமயே போகுது."

சுல்தான் அவளை உற்றுப் பார்த்தார். தோள் குலுங்கியது. சிரிப்பு என்று தெரிவதற்குள் இருமல் வந்துவிட்டது. பதினோரு நாளில் முதல் சிரிப்பு. பொற்கொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

திறக்காத அந்த ஒரு பாட்டிலை ரம்லத் பொற்கொடியிடம்தான் கொடுத்திருந்தாள். தாகத்துக்குத் தண்ணீரை விட ஐஸ் துண்டு நின்று பேசும், அதையும் லிட்டருக்குள் சேர்த்துக்கொண்டால் தப்பில்லை என்று அவள்தான் சொல்லியிருந்தாள். மருந்து வைக்கிற ஃபிரிட்ஜில் இல்லை, நர்ஸுகள் சோறு வைக்கிற ஃபிரிட்ஜில் ஒரு தட்டில் ஊற்றி உறைய வைத்திருந்தாள். பாட்டிலில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு தண்ணீரை ரம்லத் நீல மூடி பாட்டிலிலிருந்து கழித்து வாளியில் ஊற்றிவிட்டாள்.

பக்கத்துத் தெருப் பள்ளியிலிருந்து மக்ரிபு பாங்கு லேசாகக் கேட்டது. பொற்கொடி ஒரு கிண்ணத்தில் ஐஸ் துண்டுகளைக் கொண்டுவந்தாள். ரம்லத் ஒன்றை எடுத்து அவர் நாக்கில் வைத்தாள்.

"பாங்கு சொல்லியாச்சு. தொறங்க" என்றாள்.

சுல்தான் கண்ணை மூடிக்கொண்டார். தாடை அசையவில்லை. கடிக்கவில்லை, விழுங்கவில்லை. ஐஸைக் கன்னத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக ஒதுக்கினார். கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பிய பொற்கொடியைக் கட்டில் கம்பியில் விரலால் தட்டிக் கூப்பிட்டார்.

"சிஸ்டரு, எழுதலையே?"

"துண்டுதானேண்ணே. எல்லாம் முடிஞ்சதும் மொத்தமா எழுதிக்கிறேன்."

"அப்புடி இல்ல. ஐஸுன்னாலும் தண்ணிதான். ஓதுனதுன்னாலும் தண்ணிதான்." ஐஸைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஒரு நொடி யோசித்தார். "பன்னெண்டு கிராம் இருக்கும். எழுதிக்கங்க."

பொற்கொடி கால்மாட்டுத் தாளை எடுத்துப் பன்னிரண்டு என்று எழுதினாள்.